12-15 வயசு பசங்களுக்கு ஆன்லைன் கரியர் டூல்: க்விஸ்ஸா, வீடியோவா, வேலை விவர சைட்டா, பிளானரா?

12, 13 வயசு பசங்ககிட்ட பெருசானதும் என்ன ஆகப்போறன்னு கேட்டா என்ன பதில் வரும்னு எல்லாருக்கும் தெரியும். டாக்டர், இன்ஜினியர், டீச்சர், போலீஸ், இப்ப கொஞ்ச வருஷமா யூடியூபர், கேம் டிசைனர். அவங்களுக்கு பேர் தெரிஞ்ச வேலையே அவ்ளோதான், வேற என்ன சொல்வாங்க பாவம். ஓஈசிடிங்கற பல நாட்டு பொருளாதார அமைப்பு 2020-ல ஒரு அறிக்கை வெளியிட்டாங்க, 30 வயசுல என்ன வேலைல இருப்பேன்னு நினைக்கறன்னு 2018-ல பல நாடுகள்ல நடத்தின பீசாங்கற மாணவர் சர்வேல 15 வயசு பசங்ககிட்ட கேட்டத வச்சு எழுதினது. 41 நாட்டு கணக்குல பையன்கள்ல 47 சதவீதம், பொண்ணுங்கள்ல 53 சதவீதம் பேர் சொன்ன பதில் வெறும் பத்து வேலைக்குள்ள அடங்கிடுச்சு. உலகத்துல எத்தனை ஆயிரம் வேலை இருக்கு, கிட்டத்தட்ட பாதிப் பேர் அந்த பத்துலயே நிக்கறாங்க.

அதனால இந்த வயசுல கரியர் டூல் எதுக்கு, முதல்ல படிக்கட்டும்னு சொல்றவங்க கூட என்னால ஒத்துப்போக முடியல. அதுக்காக தேடினதும் மேல வர்ற ஏதோ ஒரு க்விஸ்ஸ எடுத்து கைல குடுத்து "இத போடு, நீ என்ன ஆகணும்னு சொல்லும்"னு விடறதும் சரி கிடையாது, சொல்லப்போனா அது இன்னும் கெடுதல். இதுல நிறைய வகை இருக்கு, ஒவ்வொண்ணும் வேற வேற வேலை செய்யுது, எந்த வயசுக்கு எது, எதுக்கு அப்புறம் எதுன்னு யோசிச்சுதான் குடுக்கணும்.

என்னோட அளவுகோல் ஒண்ணே ஒண்ணு. டூல மூடி வச்ச பிறகு பிள்ளைக்கு தெரிஞ்ச வேலைகளோட லிஸ்ட் நீளமாச்சா, இல்ல குட்டையாச்சா? ஏன் இப்படி பார்க்கறேன்னா, லிண்டா காட்ஃப்ரெட்சன்னு ஒரு ஆய்வாளர் 1981-ல ஒரு விஷயம் சொன்னாங்க. பசங்க வேலைய தேர்ந்தெடுக்கறதுக்கு பல வருஷம் முன்னாடியே ஒண்ணொண்ணா கழிச்சு விட ஆரம்பிச்சுடறாங்களாம். 6-லருந்து 8 வயசுக்குள்ள இது ஆம்பளைங்க வேலை இது பொம்பளைங்க வேலைன்னு ஒரு ரவுண்டு அடிச்சு விட்டுடறாங்க, 9-லருந்து 13-க்குள்ள இது கௌரவமான வேலை இது கௌரவம் இல்லாத வேலைன்னு இன்னொரு ரவுண்டு. தனக்கு என்ன பிடிக்குது, தான் எப்படிப்பட்ட ஆளுங்கற யோசனை 14 வயசு வாக்குலதான் வருது. அப்ப நாம லேப்டாப்ப திறந்து முன்னாடி வைக்கறப்பவே லிஸ்ட் பாதி காலி. அதுல இன்னும் நாலு வேலைய கழிச்சு விடற டூல் இந்த வயசுக்கு வேணவே வேணாம்.

இனி ஒவ்வொண்ணா வரேன். எல்லாரும் க்விஸ்லதான் ஆரம்பிக்கறாங்க, அதனால அதையே முதல்ல பார்க்கலாம்.

உருப்படியான விருப்ப க்விஸ் பெரும்பாலும் ஜான் ஹாலண்ட் 1959-ல முன்வச்ச கொள்கை மேலதான் நிக்குது. மனுஷங்க விருப்பத்த அவர் ஆறு வகையா பிரிச்சாரு: கைல செய்யற வேலை, ஆராய்ச்சி, கலை, மனுஷங்களுக்கு உதவறது, ஆட்கள நடத்தி வியாபாரம் பண்றது, கணக்கு ரெக்கார்டெல்லாம் ஒழுங்கா வச்சுக்கறது. ஆறோட ஆங்கில முதல் எழுத்த சேர்த்து ரியாசெக்னு சொல்வாங்க. இதுல இலவசமா கிடைக்கறதுல நான் நம்பி குடுக்கறது ஓ-நெட் இன்ட்ரஸ்ட் ப்ரொஃபைலர், மை நெக்ஸ்ட் மூவ் சைட்ல இருக்கு. அமெரிக்க தொழிலாளர் துறை பணம் போட்டு நடத்தறது, லாகின் கேக்காது, ஈமெயில் கேக்காது, விளம்பரம் கிடையாது.

மொத்தம் 60 கேள்வி. ஒவ்வொண்ணும் ஒரு சின்ன வேலை, உனக்கு இது பிடிக்குமான்னு அஞ்சு படில பதில் சொல்லணும், சுத்தமா பிடிக்காதுல ஆரம்பிச்சு நடுவுல தெரியல, கடைசில ரொம்ப பிடிக்கும். கிச்சன் கேபினட் செய்யறது, செங்கல் இல்லன்னா டைல்ஸ் பதிக்கறது, புது மருந்து உருவாக்கறது, தண்ணி மாசுபடறத குறைக்க வழி ஆராயறது, இப்படியே போகும். படிப்பு இருக்கா, சம்பளம் எவ்ளோன்னு எதையும் யோசிக்காத, பிடிக்குமா பிடிக்காதான்னு மட்டும் சொல்லுன்னு ஆரம்பத்துலயே சொல்லிடறாங்க, அது ரொம்ப நல்ல விஷயம்.

சிக்கல் எங்க வருதுன்னா, அதுலயே பங்கும் பாண்டும் வாங்கி விக்கறதுன்னு ஒரு கேள்வி வரும், ரெக்கார்டு ஃபாரம்ல பிழை திருத்தறதுன்னு ஒண்ணு வரும். 12 வயசு பிள்ளைக்கு பாண்டுன்னா என்னன்னு எங்க தெரியும்? புரியாதத பிடிக்கலன்னு அமுக்கிட்டு அடுத்ததுக்கு போயிடும். ஒரு வகைக்கு பத்து கேள்வி, அதிகபட்சம் 40 மார்க், இப்படி நாலு கேள்விய புரியாம தள்ளிட்டா அந்த வகை மொத்தமா படுத்துடும், கடைசில ஸ்கிரீன்ல பார்த்தா உனக்கு வியாபாரத்துல ஆர்வமே இல்லங்கற மாதிரி தெரியும். ஆர்வம் இல்லாம குறைஞ்சதா, அறிமுகம் இல்லாம குறைஞ்சதான்னு அந்த மார்க்க பார்த்து சொல்லவே முடியாது. அதனால பக்கத்துல உட்கார்ந்து புரியாத கேள்விய விளக்கணும், விளக்கியும் புரியலன்னா தெரியலங்கற நடு பட்டன அமுக்க சொல்லணும், அதுவும் ஒரு நேர்மையான பதில்தான்னு முன்னாடியே சொல்லிடணும்.

இன்னொரு பொறி கடைசில இருக்கு. மார்க் வந்ததும் ஜாப் ஜோன்னு கேக்கும், ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும், ஒரு வேலைக்கு எவ்ளோ படிப்பும் பயிற்சியும் வேணுங்கறத வச்சு பிரிச்சது. பசங்க யோசிக்காம அதிக படிப்பு வேணுங்கற அஞ்ச அமுக்குவாங்க, பெத்தவங்க பக்கத்துல இருந்தா அவங்களும் அதைத்தான் அமுக்க சொல்வாங்க. உடனே மத்த நாலு ஜோன் வேலையும் கண்ணுலயே படாம போயிடும். அஞ்சையும் ஒவ்வொண்ணா திறந்து பாருங்க. ஒரே விருப்பத்துக்கு ரெண்டு வருஷ டிப்ளமோ வேலையும் இருக்கு, பத்து வருஷ படிப்பு வேலையும் இருக்குன்னு ஒரு பிள்ளைக்கு புரியற இடம் அதுதான், மொத்த க்விஸ்லயும் எனக்கு பிடிச்ச பக்கமும் அதுதான்.

12 வயசு விருப்பமெல்லாம் நாலு நாள்ல மாறிடும், க்விஸ்ஸே வீண்னு சொல்றவங்களும் இருக்காங்க. அதுவும் முழுசா சரியில்ல. 12-லருந்து 40 வயசு வரைக்குமான பல நீண்டகால ஆய்வுகள ஒண்ணா சேர்த்து அலசி 2005-ல ஒரு கட்டுரை வந்துச்சு, அதுல பதின்ம வயசு ஆரம்பத்துலயே விருப்பங்கள் ஓரளவு நிலைச்சு நிக்குது, 18-லருந்து 22-க்குள்ள இன்னும் உறுதியாகுதுன்னுதான் தெரிய வந்துச்சு. அப்ப 13 வயசுல ஒருதடவை போட்டு ரிசல்ட்ட எடுத்து வச்சு, 15-ல திரும்ப போட்டு ரெண்டையும் பக்கத்துல வச்சு பார்த்தா எது நின்னுது எது மாறுச்சுன்னு தெரியும். ஒருதடவை போட்ட ரிசல்ட்ல இருக்கறத விட அந்த ஒப்பீட்டுல விஷயம் அதிகம்.

நாலு எழுத்து போட்டு நீ இந்த டைப்னு சொல்ற பர்சனாலிட்டி டெஸ்ட் தனி. மயர்ஸ்-பிரிக்ஸ்ங்கற டெஸ்ட் வழி வந்ததும் அது மாதிரியானதும். பசங்களுக்கு ரொம்ப பிடிக்கும், ஃப்ரெண்ட்ஸ்குள்ள பேசிக்க நல்லாயிருக்கும். வேலை தேர்வுக்கு நான் இத சேர்த்துக்கறதே இல்ல. ஆளெடுக்கறதுக்கு இத பயன்படுத்தக்கூடாதுன்னு மயர்ஸ்-பிரிக்ஸ் தரப்பே சொல்லுது, அப்புறம் 13 வயசுல "நான் கூச்ச சுபாவ டைப், எனக்கு ஆளுங்களோட பழகற வேலை சரிவராது"ன்னு ஒரு பிள்ளை தனக்குத்தானே முத்திரை குத்திக்கறத பார்த்தா மனசுக்கு கஷ்டமா இருக்கு. அந்த வயசு கூச்சம் 17-ல இருக்குமான்னு யாருக்கு தெரியும்.

அடுத்தது வேலை விவர சைட். என் ஓட்டு இதுக்குத்தான், ஆனா பெத்தவங்க யாரும் இதுல ஆரம்பிக்கறதில்ல, பார்க்க பாடப்புத்தகம் மாதிரி இருக்கறதால. அமெரிக்க தொழிலாளர் புள்ளிவிவரத் துறையோட ஆக்குபேஷனல் அவுட்லுக் ஹேண்ட்புக் 1949-லருந்து வந்துட்டு இருக்கு, இப்ப முழுக்க ஆன்லைன்ல இலவசம். இங்கிலாந்துல நேஷனல் கரியர்ஸ் சர்வீஸ் சைட்லயும் இதே மாதிரி வேலை வாரியா பக்கம் இருக்கு. ஒவ்வொரு வேலைக்கும் என்ன செய்வாங்க, எங்க எப்படி வேலை பார்ப்பாங்க, எப்படி அந்த வேலைக்கு வர்றது, சம்பளம், வருங்காலம், இதே மாதிரி வேற என்ன வேலை, எல்லாம் தனித்தனி டேப்ல.

நாய்க்குட்டி பிடிக்கும், அதனால வெட்னரி டாக்டர் ஆவேன்னு சொல்ற பிள்ளைய எடுத்துக்கோங்க, இந்த வயசுல வீட்டுக்கு ஒண்ணு இருக்கும். அந்த ஹேண்ட்புக்ல கால்நடை மருத்துவர் பக்கத்த திறந்தா கடமைகள் லிஸ்ட்ல காயத்துக்கு மருந்து போடறது, ஆபரேஷன், தடுப்பூசி, எக்ஸ்ரே, இதோட சேர்த்து நோய்வாய்ப்பட்ட விலங்க கருணைக்கொலை பண்றதும் இருக்கு. அத படிச்சதும் பிள்ளை முகம் மாறும். அந்த இடத்துல டக்குனு பக்கத்த மூடிடாதீங்க, கொஞ்ச நேரம் பேசுங்க, அதுக்கப்புறம் இதே மாதிரி வேலைகள்ங்கற டேப்ப திறங்க. விலங்கு பராமரிப்பாளர், வெட்னரி டெக்னீஷியன், காட்டுயிர் ஆராய்ச்சியாளர்னு வரிசையா வரும், ஒவ்வொண்ணுக்கும் தனி பக்கம், அங்கயும் இதே டேப். ஒரு வேலைய தேடி உள்ள போன பிள்ளை ஏழெட்டு வேலைய தெரிஞ்சுக்கிட்டு வெளிய வருது. நான் சொன்ன அளவுகோல்ல முழு மார்க் வாங்கற ஒரே வகை இதுதான்.

சம்பளமும் வளர்ச்சி கணக்கும் மட்டும் பக்கத்துல இருந்து படிச்சு குடுங்க. சம்பளம் அந்த நாட்டோடது, லைசென்ஸ் விதியும் அந்த நாட்டோடது, நம்ம பிள்ளை வேலை பார்க்கப்போற நாட்டுக்கு அது பொருந்தாது, அதுக்கு அந்தந்த நாட்டு அரசு வேலைவாய்ப்பு சைட்ட பார்க்கணும். எந்த வேலை எந்த வேலைய விட அதிகம்னு ஒரு குத்துமதிப்பு மட்டும் எடுத்துக்கலாம். வளர்ச்சி சதவீதம்தான் நிறைய பேர ஏமாத்தற நம்பர். 1,000 பேர் பார்க்கற வேலை 30 சதவீதம் வளர்ந்தா புதுசா 300 இடம், 10 லட்சம் பேர் பார்க்கற வேலை வெறும் 3 சதவீதம் வளர்ந்தா 30,000 இடம். இதோட ரிட்டயர் ஆகறவங்க, வேற வேலைக்கு போறவங்க விட்டுட்டு போற இடமும் சேரும். வருஷத்துக்கு எத்தனை இடம் காலியாகுதுன்னு அதே பக்கத்துல தனியா போட்டிருப்பாங்க, அத பாருங்கன்னு பசங்களுக்கு சொல்லிக்குடுத்தா அவங்க டக்குனு பிடிச்சுக்கறாங்க, சதவீத கணக்கு ஸ்கூல்ல படிக்கற வயசுதானே.

படிக்க சோம்பேறித்தனப்படற பிள்ளைக்கு வீடியோ. கரியர்ஒன்ஸ்டாப்னு அமெரிக்க தொழிலாளர் துறை சைட் ஒண்ணு இருக்கு, அதுல வேலை வேலையா குட்டி குட்டி வீடியோ, ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும். ரோட்ட்ரிப் நேஷன்ங்கற சைட்ல பலதரப்பட்ட வேலைல இருக்கறவங்க தான் எப்படி இந்த இடத்துக்கு வந்தேன்னு பேசற பேட்டிகள் நிறைய இருக்கு, நேர்வழில வந்தவங்க கம்மி, சுத்தி வளைச்சு வந்தவங்கதான் அதிகம், பதின்ம வயசுல அத கேக்கறதே பெரிய தைரியம். யூடியூப்ல வர்ற என் ஒரு நாள் வேலை டைப் வீடியோவ இதோட சேர்க்காதீங்க. கேமராவுக்கு அழகா இருக்கற வேலைங்கதான் அங்க வரும், பாதி பேர் கடைசில கோர்ஸ் விப்பாங்க. லேப் டெக்னீஷியனோ சர்வேயரோ லிஃப்ட் மெக்கானிக்கோ வேலை நேரத்துல வீடியோ எடுத்துட்டு இருக்க மாட்டாங்க.

வீடியோல ஒரு குறை, பேசறவர் நல்லா பேசினா வேலையும் நல்ல வேலைன்னு தோணிடும். அதனால பார்த்து முடிச்சதும் அதே வேலையோட விவர பக்கத்தையும் திறந்துடணும், ரெண்டும் சேர்ந்தாதான் சரி.

திறமைய அளக்கற டூலும் இருக்கு, யூசயின்ஸ் மாதிரி. பிடிக்குமான்னு மட்டும் கேக்காம சின்ன சின்ன பயிற்சி குடுத்து இடஞ்சார்ந்த கற்பனை, எண் தர்க்கம் இதெல்லாம் எப்படி இருக்குன்னு பார்க்கறது. அறிமுகம் இல்லாததால ஒண்ணுமே பிடிக்கலன்னு சொல்ற பிள்ளைக்கு இது க்விஸ்ஸ விட உதவும், தனக்கு இது வரும்னே தெரியாத ஒண்ணு வெளிய வரலாம். ஆனா 12, 13-ல மூளையே இன்னும் வளர்ந்துட்டு இருக்கு, குறைஞ்ச மார்க்க பார்த்து ஒரு பிள்ளை மனசு விட்டுடக்கூடாது. ஸ்கூல் குடுத்தா போடட்டும், இதுக்குன்னு தனியா காசு செலவு பண்ண 15 வயசுக்கு மேல யோசிக்கலாம்.

பிளானர்னா செலோ, நேவியன்ஸ் மாதிரி ஸ்கூல் வாங்கி குடுக்கற பிளாட்ஃபார்ம். க்விஸ், வேலை விவரம், போர்ட்ஃபோலியோ, எந்த வருஷம் எந்த பாடம்னு திட்டம், எல்லாம் ஒரே இடத்துல சேர்ந்து இருக்கும். வசதிதான். நேவியன்ஸ் காலேஜ் அப்ளிகேஷன் பக்கம் சாய்ஞ்சது, 13 வயசுக்கு அதுல பெருசா வேலை இல்ல. செலோ சின்ன வயசு பசங்களுக்கும் சேர்த்தே பண்ணினது. ஸ்கூல் அக்கவுண்ட்ல பிள்ளை போடற பதில டீச்சரோ கவுன்சிலரோ பார்க்க முடியும், அத பிள்ளைகிட்ட முன்னாடியே சொல்லிடறதுதான் நியாயம்.

பிளானருக்கு இந்த வயசுல நான் ஒரே ஒரு வேலைதான் குடுப்பேன். 13-லருந்து 15-க்குள்ள எடுக்கற முடிவுல உண்மையிலேயே திரும்பி வர கஷ்டமான முடிவு எதுன்னா எந்த பாடத்த விடறோங்கறதுதான். கணக்க இப்ப விட்டா எந்தெந்த வேலைக்கு போற வழி அடைபடுது, பயாலஜிய விட்டா எது அடைபடுது, கம்ப்யூட்டர் எடுக்காம போனா பின்னாடி சேர்த்துக்க முடியுமா, இத மட்டும் பிளானர்ல மாத்தி மாத்தி போட்டு பாருங்க. ஸ்கூல்ல அது இல்லன்னா வேலை விவர சைட்ல எப்படி வர்றதுங்கற டேப்லயே பாதி பதில் இருக்கு. எந்த காலேஜ், எந்த வருஷம் என்ன பதவின்னு 30 வயசு வரைக்கும் கட்டம் போடறதெல்லாம் இப்ப வேணாம், அந்த கட்டத்த பார்த்து பார்த்தே பிள்ளைக்கு பயம் வந்துடும்.

அக்கவுண்ட் விஷயத்துல கறாரா இருங்க. அமெரிக்காவுல 13 வயசுக்கு கீழ இருக்கற பிள்ளைங்க தகவல பெத்தவங்க சம்மதம் இல்லாம வெப்சைட் வாங்கக்கூடாதுன்னு 1998-லயே காப்பா சட்டம் போட்டாங்க, ஐரோப்பாவுல ஜிடிபிஆர்ங்கற தகவல் பாதுகாப்பு சட்டத்துல அந்த வயசு 16, நாடுகள் விரும்பினா 13 வரைக்கும் இறக்கிக்கலாம். லிங்க்ட்இன்ல 16 ஆனாதான் அக்கவுண்டே திறக்கலாம், அதுக்கு முன்னாடி வயச மாத்தி போட்டு திறந்து குடுக்காதீங்க. இலவச க்விஸ்னு சொல்லி எல்லா கேள்வியும் கேட்டு முடிச்சுட்டு ரிசல்ட்டுக்கு போன் நம்பர் கேக்கற சைட்னா அங்கயே மூடிடுங்க, அடுத்த நாளே கோச்சிங் விக்க கால் வரும்.

ஏஐ சாட்பாட்ட பத்தி கேக்காம விட மாட்டீங்க. சாட்ஜிபிடி விதிப்படி குறைஞ்சது 13 வயசு ஆகணும், 18 வரைக்கும் பெத்தவங்க அனுமதி வேணும். நான் என்ன ஆகலாம்னு நேரடியா கேட்டா பிள்ளை சொன்னதையே அழகா திருப்பி சொல்லும், அந்த பத்து வேலைக்குள்ளயே சுத்த விட்டுடும். ஒரு பெரிய ஆஸ்பத்திரில டாக்டர், நர்ஸ் தவிர வேற யாரெல்லாம் வேலை பார்க்கறாங்க, ஒரு வீடியோ கேம் வெளிய வர்றதுக்கு கோடிங் தெரியாதவங்க எத்தனை விதமா வேலை பார்க்கறாங்க, இப்படி கேட்டா நல்லா உதவும். அது சொன்ன வேலை பேர எடுத்துட்டு போய் அரசு சைட்ல சரிபார்க்கணும், சம்பளம் லைசென்ஸ் விஷயத்துல அது சொல்றத அப்படியே எடுத்துக்கக்கூடாது.

எதுல ஆரம்பிக்கறதுங்கறது பிள்ளைய பொறுத்தது. ஒரே கனவு, அதுல உறுதியா இருக்கற பிள்ளைன்னா க்விஸ் வேணாம், அந்த வேலையோட விவர பக்கத்துல ஆரம்பிச்சு இதே மாதிரி வேலைகள் டேப் வழியா நடக்க விடுங்க, கனவ யாரும் கேள்வி கேக்கலன்னு தெரிஞ்சா அதுவாவே சுத்திப் பார்க்கும். எனக்கு ஒண்ணும் தெரியலன்னு சொல்ற பிள்ளைக்கு வாரத்துக்கு ரெண்டு மூணு வீடியோ, கொஞ்ச நாள் கழிச்சு, கேள்வி புரியற அளவுக்கு வேலைகள பார்த்த பிறகு க்விஸ். 12 வயசுக்கு வீடியோவும் விவர சைட்டும் போதும், க்விஸ்ஸ 13, 14-ல வைக்கலாம், பாடம் தேர்ந்தெடுக்கற வருஷம் வரும்போது பிளானர்.

மூணாவது ரகம் ஒண்ணு இருக்கு, அப்பா அம்மா சொன்னதையே தன் ஆசைன்னு சொல்ற பிள்ளை. அதுக்கு க்விஸ்தான் முதல்ல, ஆனா புரியாத கேள்விய எல்லாம் முன்னாடியே விளக்கிட்டு நீங்க ரூம விட்டு வெளிய வந்துடணும். நீங்க பக்கத்துல இருந்தா ஒவ்வொரு பதிலுக்கும் உங்க முகத்த பார்த்துட்டுதான் அமுக்கும். ரிசல்ட்ட அதுவா கொண்டு வந்து காட்டற வரைக்கும் கேக்காதீங்க, காட்டினா எந்த கேள்விக்கு ரொம்ப பிடிக்கும்னு போட்டன்னு மட்டும் கேளுங்க.